மாற்றுப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்களா? முதலில் ஒரு நாள் முழுக்கப் போய் உட்காருங்கள்

மகளுக்கு டி.சி. வாங்க மட்டும் எனக்கு ஏழு வாரம் ஆனது. அது கைக்கு வந்த பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது: மாணவர்கள், பள்ளிகள் பற்றிய விவரத்தை அரசு இணையத்தில் பதிந்து வைக்கும் எமிஸில் புதிய பள்ளியே இல்லை. அடுத்த மாதம் வட்டார வள மையத்திலிருந்து ஒரு டீச்சர் போன் செய்து, "உங்க பொண்ணு ஏன் சார் எந்த ஸ்கூலுக்கும் போகல?" என்று கேட்டார். அந்த நேரத்தில் அவள் பள்ளித் தோட்டத்தில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வகுப்பு முடித்த மகளை சென்னைப் பள்ளியிலிருந்து எடுத்து, வட மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் ஓரத்தில், வழக்கமான பள்ளி முறையை விட்டு வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்கும் சின்ன மாற்றுப் பள்ளியில் சேர்த்து இரண்டு வருடம் ஆகிறது. மொத்தமே அறுபது சொச்சம் பிள்ளைகள். பாதிக்கு மேல் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள், மீதி எங்களைப் போல் நகரத்திலிருந்து மூட்டை கட்டி வந்தவர்கள். இப்படிச் சேர்ப்பது சரியா தப்பா என்று இங்கே பேசப்போவதில்லை. சேர்ப்பதென்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், நான் பட்ட பாட்டில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

1. அது பள்ளியா, கற்றல் மையமா?

"மாற்றுப் பள்ளி" என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமே இருக்காது. திருவண்ணாமலை அருகே மருதம் பண்ணைப் பள்ளி, தர்மபுரி மாவட்டம் நாகர்கூடலில் புவிதம், செங்கல்பட்டு மாவட்டத்தில் கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையின் 'பாடசாலை', ஆரோவில்லைச் சுற்றியுள்ள கிராமப் பிள்ளைகளுக்கான 'உதவி', 'இசை அம்பலம்', 'ஐக்கியம்' பள்ளிகள் என்று பட்டியல் நீளும். இதில் 'பாடசாலை' விடுதிப் பள்ளி. நாகப்பட்டினம் பக்கம் உள்ள வானவில், 2004 சுனாமிக்குப் பிறகு நரிக்குறவர், பூம்பூம் மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. நகரத்து அப்பா அம்மா "இயற்கையோடு ஒன்றி" என்று சொல்லிக்கொண்டு இடம் கேட்டுப் போய் நிற்கிற பள்ளி அல்ல அது. யாருக்காகத் தொடங்கிய இடம் என்பதைத் தெரிந்துகொண்டு அப்புறம் போன் செய்யுங்கள்.

அரசு அங்கீகாரம் இல்லாத இடம், பெயரில் பள்ளி என்று இருந்தாலும் வெறும் கற்றல் மையம்தான். எது என்று தெரிந்துகொள்ள முதல் பேச்சிலேயே இந்த நான்கையும் கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது. அந்தக் கூச்சத்தின் விலைதான் மேலே சொன்ன போன்.

- அரசு அங்கீகாரம் உண்டா? எந்த வகுப்பு வரை?
- 11 இலக்க யூ-டைஸ் எண் (பள்ளிக்கு அரசு தரும் அடையாள எண்) உண்டா?
- பிள்ளையின் பெயர் எமிஸில் ஏறுமா?
- நாளை நாங்கள் வேறு பள்ளிக்குப் போனால் டி.சி. யார் கொடுப்பார்கள்?

"அங்கீகாரம் இருக்கு" என்று பதில் வந்தாலும் விடாதீர்கள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் என்று பிறகு தெரியவரும். "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துரும்" என்றால் இல்லை என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். வந்தால் லாபம்.

அங்கீகாரம் இல்லாததால் பிள்ளையின் எதிர்காலமே போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். டி.சி. தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆகவே எட்டாம் வகுப்பு வரை திரும்பி வரும் வழி திறந்தே இருக்கிறது. பிரச்சினை அதற்குப் பிறகுதான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2. சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில் போய் உட்காருங்கள்

பள்ளியின் ஆண்டுக் கூடுகையன்று போகாதீர்கள். அன்றைக்குக் கைவினைக் கண்காட்சி, பறை, சிறுதானிய பிரியாணி எல்லாம் இருக்கும், யாருக்கும் பிடித்துவிடும். நானும் அப்படிப் போய்தான் மயங்கினேன். பிறகு ஒரு நண்பர் சொல்லி, அனுமதி வாங்கி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலை வரை இருந்தேன். பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு குடும்பத்தைத்தான் அனுமதிப்பார்கள், இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும். போனை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

அன்று நான் பார்த்ததை நேரப்படி சொல்கிறேன். பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் மாறும், அச்சு கிட்டத்தட்ட இதுதான்.

காலை 8:40. வேன் வந்ததும் யாரும் வகுப்புக்குப் போகவில்லை. சமையலறைச் சுவரில் ஒரு கயிறு கட்டி, அதற்கு மேல் துடைப்பம், குடம், வாளி, கோழி என்று படம் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் எழுதிய துணி கிளிப் அந்தந்தப் படத்துக்குக் கீழே மாட்டியிருந்தது. திங்கட்கிழமைதோறும் கிளிப்புகள் ஒரு படம் நகரும். கழிவறை கழுவுவதும் அந்த வரிசையில் உண்டு, பெரிய பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும். மகள் சேர்ந்த முதல் வாரம் அவள் கிளிப் கோழியின் கீழ் இருந்தது. ஒரு வாரம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

9 மணி. தண்டவாளத் துண்டில் தட்டும் முறை யாருடையதோ அந்தப் பிள்ளை தட்டியது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். இரண்டு நிமிடம் அமைதி, இரண்டு பாட்டு, அப்புறம் செய்தி. செய்தி என்றால் "எங்க வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு, ஒண்ணு செத்துருச்சு" என்பது மாதிரி. ஆசிரியர்களைப் பிள்ளைகள் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

9:30 முதல் 11 வரை பெரிய பாடம். ஒரே விஷயத்தை இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்வார்கள். அன்று நிலம் அளப்பது. எட்டிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகள் ஒரு சென்ட் என்றால் எவ்வளவு என்று கயிறு கட்டிக் காட்ட வேண்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று மட்டும் அக்கா சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நகரத்துப் பிள்ளைகள் இருவர் 20 அடிக்கு 20 அடி என்று டேப்பை இழுத்து 400 என்றார்கள், போதவில்லை. 21 என்றார்கள், கூடிப்போனது. பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் இதற்குள் வரப்போரமாக நடந்தே ஒரு கட்டம் போட்டுவிட்டு, "எங்க தாத்தா இப்படித்தான் அளப்பாரு" என்றான். டேப் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 21 அடி, இன்னொரு பக்கம் 20 அடி 8 அங்குலம். பெருக்கினால் 434, ஏறத்தாழ ஒரு சென்ட். பிறகு அந்த இருவரும் அவன் பின்னால் அடி வைத்து நடந்து பழகினார்கள். நான் நோட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்று யாரும் நோட்டைத் திறக்கவே இல்லை.

11 மணிக்குச் சுண்டல். மறுநாள் கம்மங்கூழ் என்றார்கள். பிறகு 12:45 வரை தமிழ், ஆங்கிலம், கணக்கு. இது வயதுப்படி இல்லை, யார் எந்த அளவுக்கு வந்திருக்கிறார்களோ அதன்படி குழு. சாப்பாட்டுக்குப் பந்தி, பெரிய பிள்ளைகள் பரிமாறுவார்கள், தட்டை அவரவரே தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டும். மதியம் தையல், களிமண், தச்சு, தோட்டம். 3:15-க்குத் திரும்பவும் துடைப்பம்.

3:30-க்குக் கடைசி வட்டம். இதைப் பார்க்காமல் கிளம்பிவிடாதீர்கள். அன்று ஒரு சைக்கிள் டயருக்காக இரண்டு பையன்கள் சண்டை போட்டிருந்தார்கள். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்திதான் விசாரித்தாள். "நீ என்ன பண்ணே?" என்று மட்டும் இருவரையும் மாறி மாறிக் கேட்டாள், "ஏன் பண்ணே?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அண்ணாவும் அக்காவும் வாயே திறக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் ஆனது. வேன் காத்திருந்தது. ஆகையால் நாலரை மணிக்குப் பாட்டு கிளாஸ், நீச்சல் என்று எதையும் போட்டு வைக்காதீர்கள்.

அந்த ஒரு நாளில் இவற்றையும் கவனியுங்கள். வட்டத்துக்கு வர மாட்டேன் என்று மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் பெரியவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? கழிவறையில் தண்ணீர் இருக்கிறதா? ஊர்ப் பிள்ளைகளும் நகரத்துப் பிள்ளைகளும் சாப்பிடும்போது கலந்து உட்காருகிறார்களா, இல்லை இரண்டு கூட்டமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் திருப்தியாக இல்லையென்றால், இணையதளத்தில் 'சமூகம்' என்று எத்தனை தடவை எழுதியிருந்தாலும் நான் சேர்க்க மாட்டேன்.

இன்னொன்றும் நேரடியாகக் கேளுங்கள்: பாம்பு கடித்தால் எந்த அரசு மருத்துவமனை, எத்தனை நிமிடம், பகலில் வண்டி எப்போதும் நிற்குமா? நல்ல பள்ளி இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லும்.

3. உங்கள் நாளையும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்

இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்த மாதிரிப் பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டு வந்து நம் வேலையைப் பார்க்க முடியாது. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் ஒரு நாள் சமையல் முறை, ஒரு சனிக்கிழமை பொது வேலை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெற்றோர் கூட்டம். அந்தக் கூட்டம் காலை பத்துக்குத் தொடங்கி மாலை வரை போகும், நடுவில் எழுந்து வந்தால் நன்றாக இருக்காது. அப்பா அம்மா இருவரும் அலுவலகம் போகிறவர்கள் என்றால், இந்த நாட்களுக்கு யார் லீவு போடுவது என்பதைச் சேர்வதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

என் முதல் சமையல் முறை. எழுபது பேருக்குச் சாதம், ரசம், பூசணிக்காய்க் கூட்டு. அரிசிக்கு அரசு சத்துணவு அளவு நல்ல கணக்கு: ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம், அதற்கு மேல் 150. அதன்படி எட்டு கிலோ போட்டேன், சரியாக இருந்தது. ரசத்துக்கு எந்தக் கணக்கும் தெரியவில்லை. நாலு பேருக்கு ஒரு எலுமிச்சை அளவு புளி என்பதைப் பதினெட்டால் பெருக்கிக் கரைத்துவிட்டேன். புளியும் உப்பும் அப்படிப் பெருக்கக் கூடாது என்று வீட்டில் சமைக்கிற எவருக்கும் தெரியும். பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தார்கள். ஆறு வயதுக் குட்டி ஒன்று பக்கத்தில் வந்து, "அண்ணா, நாளைக்கும் நீங்கதானா?" என்று கேட்டது. பெரிய அளவுச் சமையலுக்கு முதல் முறை அந்த ஊர் அம்மா ஒருவரோடு சேர்ந்து நில்லுங்கள்.

காலை 8:40-க்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் பிள்ளை இரவு ஒன்பதுக்கு முன் தூங்க வேண்டும். நாள் முழுக்க ஓடிவிட்டு வருவதால் அது தானாக நடக்கும், நாம் டி.வி.யை அணைத்தால். வீட்டுப்பாடம் கிடையாது. ஆனால் "நாளைக்கு அஞ்சு வகை எலை கொண்டு வரணும்" என்ற தகவல் இரவு எட்டே முக்காலுக்குத்தான் நமக்கு வந்து சேரும். டார்ச்சைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

சீருடை இல்லை, அது பெரிய நிம்மதி என்று நினைத்தோம். களிமண்ணும் வாழைக்கறையும் பட்டு வாரத்துக்கு ஏழெட்டுத் துணி ஆகிறது. பழைய துணியாக இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள், புதுசு எதுவும் வாங்க வேண்டாம். பாக்கெட் தின்பண்டம் கொடுத்தனுப்பாதீர்கள், பிள்ளைக்குத்தான் தர்மசங்கடம்.

4. பணம்

பல பள்ளிகளில் குடும்பத்தின் சக்திக்கேற்ற கட்டணம். ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சம் தருவார்கள் அல்லது ஒன்றும் தர மாட்டார்கள், நகரத்துக் குடும்பம் கூடுதலாகத் தரும். உங்களைப் பார்த்து "எவ்வளவு தர முடியும்?" என்று கேட்டால் தடுமாறுவீர்கள். ஒரு பிள்ளைக்கு ஓராண்டு உண்மையான செலவு எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள், அவர்களிடம் கணக்கு இருக்கும். நாங்கள் அந்தத் தொகையையும், இயன்றபோது அதற்கு மேல் கொஞ்சமும் தருகிறோம். எங்களுக்கு முதல் வருடம் கட்டணம் 48,000, வேனுக்கு மாதம் 1,400, கிராமத்தில் வீட்டு வாடகை 7,000. இதெல்லாம் சென்னையைவிடக் குறைவுதான். ஆனால் நானும் மனைவியும் பார்த்துவந்த இரண்டு வேலையில் ஒன்று போனது. அதைக் கணக்கில் சேர்க்காமல் "செலவு கம்மி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ரசீது விஷயத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அறக்கட்டளை நடத்தும் இடங்களில் கட்டணத்துக்கு "நன்கொடை" என்று ரசீது போடுவது உண்டு. பழைய வருமான வரி முறையில் கல்விக் கட்டணத்துக்குக் கிடைக்கும் கழிவு, நன்கொடை என்று எழுதிய ரசீதுக்குக் கிடைக்காது. அலுவலகத்தில் பிள்ளைகளின் படிப்புச் செலவைத் திருப்பித் தருகிறார்கள் என்றாலும் இதே கதை. முதல் தவணையின்போதே கேட்டுக்கொள்ளுங்கள், மார்ச் மாதம் போய் நின்றால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

5. டி.சி.: மார்ச்சிலேயே கடிதம் கொடுங்கள்

நான் ஜூன் முதல் வாரம் போய்க் கேட்டேன். அதற்குள் பழைய பள்ளியில் மூன்றாம் வகுப்பு தொடங்கிவிட்டது, பட்டியலில் மகள் பெயரும் ஏறிவிட்டது. முதல் பருவக் கட்டணத்தைக் கட்டினால்தான் டி.சி. என்றார்கள். அலைந்தேன். பாதிக் கட்டணத்துக்கு இறங்கி வந்தார்கள், கட்டிவிட்டு வாங்கினேன். இப்போது யோசித்தால் கட்டியிருக்க வேண்டியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: மார்ச் இரண்டாம் வாரத்தில், அடுத்த கல்வியாண்டில் பிள்ளை தொடரப்போவதில்லை என்று இரண்டு பிரதி கடிதம். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் அதே கடிதத்தை ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். கட்டண பாக்கி எதுவும் இல்லாமல் ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள். அப்போதும் இழுத்தடித்தால், மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் அந்த முத்திரைப் பிரதியோடு மனு கொடுங்கள். மனுவின் நகலைப் பள்ளிக்கு அனுப்பினாலே பல இடங்களில் வேலை நடந்துவிடுகிறது.

டி.சி. கைக்கு வந்ததும் அலுவலக வாசலிலேயே நின்று படியுங்கள். பிறந்த தேதி, இனிஷியல், சமூகம், பயிற்று மொழி, கடைசியாகத் தேர்ச்சி பெற்ற வகுப்பு, எமிஸ் எண், கையெழுத்து, முத்திரை. எங்களுக்கு இனிஷியலில் மாட்டியது. பிறப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் என் முதல் எழுத்து, ஆதாரில் பெயருக்குப் பின்னால் என் முழுப் பெயர், டி.சி.யில் இரண்டும் இல்லை. அன்றே சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. வீட்டுக்கு வந்து கவனித்ததால் இன்னொரு சென்னைப் பயணம்.

அடுத்தது எமிஸ். டி.சி. கொடுத்ததும் பழைய பள்ளி பிள்ளையின் பதிவைக் 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்புக்கு அனுப்பிவிடும். புதிய பள்ளி எமிஸில் இருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் எடுத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதிய இடம் வெறும் கற்றல் மையம் என்றால் பதிவு அந்தத் தொகுப்பிலேயே கிடக்கும், உங்கள் பிள்ளை 'பள்ளி செல்லாக் குழந்தை' கணக்கில் வரும், எனக்கு வந்த அந்த போன் உங்களுக்கும் வரும். போன் செய்கிற டீச்சரிடம் கோபப்படாதீர்கள். கொத்தடிமையாகவோ குழந்தைத் திருமணத்திலோ ஒரு பிள்ளை போய் மாட்டாமல் இருப்பது இப்படி விசாரிக்கிறவர்களால்தான். நாங்கள், மகள் எங்கே படிக்கிறாள் என்று மையத்தின் கடிதத்தோடு வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஜூனிலும் அதைப் புதுப்பிக்கிறோம்.

"பக்கத்து அரசுப் பள்ளியில் பேரை மட்டும் போட்டு வச்சிருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று யோசனை சொல்ல ஆள் வருவார்கள். வேண்டாம். வராத பிள்ளைக்கு வருகை போட்ட ஆசிரியர் மாட்டிக்கொள்வார், அந்தப் பதிவு பிறகு உங்கள் பிள்ளைக்கே இடைஞ்சலாகும்.

6. ஒரு கோப்பு போடுங்கள்

பள்ளியில் கேட்க மாட்டார்கள். கேட்காததால் நாமும் விட்டுவிடுவோம். பத்தாம் வகுப்பு நெருங்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டியிருக்கும்.

- பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பெயரோடு. பெயர் சேர்க்காமல் விட்டிருந்தால், பதிவான 12 மாதத்துக்குள் கட்டணமில்லை, பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கு இந்த ஒன்றுதான் ஆதாரம்.
- ஆதார். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முகவரி மாற்றத்தையும் அப்போதே செய்யுங்கள்.
- சாதிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய்.
- டி.சி. அசல், அதன் இரண்டு நகல், பழைய பள்ளியின் மதிப்பெண் அட்டைகள்.
- புதிய பள்ளியிலிருந்து ஆண்டுக்கு ஒரு கடிதம்: எந்த நிலையில் படித்தாள், எந்த மொழி வழி, எத்தனை நாள் வந்தாள். லெட்டர்ஹெட்டில், தேதி, முத்திரையோடு. வாய்மொழியாக எவ்வளவு அழகாகப் பேசினாலும் இதை வாங்காமல் விடாதீர்கள்.

அந்தக் கடைசிக் கடிதத்தில் "தமிழ் வழி" என்ற சொல் இருப்பது முக்கியம். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. அதற்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்பதற்குச் சான்று கேட்பார்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தின் கடிதம் அதற்குப் போதாது, ஆனால் கையில் ஒன்றுமே இல்லாமல் போய் நிற்பதற்கு இது மேல்.

7. முதல் மூன்று மாதம்

மகள் முதல் மாதம் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டாள். தண்ணீர் குடிக்கலாமா, எழுந்திருக்கலாமா. இரண்டாம் மாதம் யார் சொல்வதையும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் சரியானது. அண்ணா ஒருவர் முதல் நாளே சொல்லியிருந்தார், இது இப்படித்தான் போகும் என்று. அவர் சொன்னதை நான் நம்பவில்லை, நடுவில் ஒரு இரவு பழைய பள்ளிக்கே திரும்பலாமா என்று பேசியும் விட்டோம்.

சொந்தக்காரர்கள் வருவார்கள். "பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு கண்ணு" என்பார்கள். அவள் சொல்ல மாட்டாள். சங்கடப்பட்டுக்கொண்டு ரகசியமாக டியூஷன் வைக்காதீர்கள், இரண்டு விதமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குக் குழப்பம்தான் மிஞ்சும். ஆனால் ஒரு வருடம் முடிந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை என்றால் "அவளே நேரம் வரும்போது படிப்பாள்" என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். வாசிப்பில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த இடங்களில் பொறுமை அதிகம், சில நேரம் அதுவே ஆபத்து.

8. எட்டுக்குப் பிறகு

பல இடங்களில் பத்தாம் வகுப்பை தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக, அதாவது என்.ஐ.ஓ.எஸ். வழியாக எழுதுகிறார்கள். 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழி, இரண்டு மொழிக்கு மேல் கூடாது. தமிழிலும் எழுதலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு தேர்வு. ஒரு முறை பதிந்தால் ஐந்து ஆண்டு செல்லும், ஐந்து பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. தேர்வுக்குப் பல மாதம் முன்பே பதிவு முடிந்துவிடும், ஒரு பதிவைத் தவறவிட்டால் அரை வருடம் போகும். ஒப்படைப்புக்கு (அசைன்மென்ட்) 20 விழுக்காடு மதிப்பெண், அதை அனுப்ப மறந்து கோட்டைவிட்ட பிள்ளைகள் எங்கள் பள்ளியிலேயே இருக்கிறார்கள்.

மாநில வழியில் போக வேண்டுமென்றால், பன்னிரண்டரை வயது முடிந்ததும் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. அதை எழுதி வைத்துவிட்டால் பத்தாம் வகுப்பையும் பிறகு தனித்தேர்வராக எழுத வழி கிடைக்கும்.

இப்போது நகரத்துப் பெற்றோர் யாரும் யோசிக்காத ஒன்று. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பிலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளிலும் 7.5 விழுக்காடு இடம் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இந்த மாதிரிப் பள்ளியில் ஆறாம் வகுப்பைத் தொடங்கினால் இவையெல்லாம் கைநழுவும். எங்கள் பள்ளியில் சமையல் செய்யும் அக்கா, மகளை ஐந்தாம் வகுப்போடு எடுத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தார். கூட்டத்தில் சிலருக்கு வருத்தம். அவர் ஒரே வரிதான் சொன்னார்: "உங்க புள்ளைங்களுக்கு உங்க காசு இருக்குங்க." ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் இந்தக் கணக்கை நீங்களும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

போன் செய்வதென்றால் மாலை நாலரைக்கு மேல் செய்யுங்கள், பகலில் யாரும் எடுக்க மாட்டார்கள். ஜனவரியில் முதல் பேச்சு, பிப்ரவரியில் நேரில் ஒரு நாள், மார்ச்சில் பழைய பள்ளிக்குக் கடிதம் என்று வைத்துக்கொண்டால் ஜூனில் அலைய வேண்டியிருக்காது. நேரில் போகும்போது உங்கள் தட்டையும் டம்ளரையும் நீங்களே கொண்டுபோங்கள். கழுவும் இடம் கிணற்றுக்குப் பின்னால் இருக்கும்.